ஏழாம் நம்பர் கட்டில்

பெரம்பலூர்
28.3.2026

மணிமாறனுக்கு,

மலர்கொடி எழுதுவது. என் போனில் உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ கத்திய கத்தலுக்குப் பிறகு உன் குரலைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. அதோடு, இனி நமக்குள் எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும். நாளைக்கு 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று நீ கையை விரிக்க முடியாது பார்.

ஜெயங்கொண்டம் கடைவீதியில் டாக்டர் பரிமளாவின் தேர்தல் கூட்டத்தில் நீ மைக் பிடித்துப் பேசிய வீடியோ வந்தபோது நான் வார்டில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்க்கும் அனிதா மேரிதான் போனை நீட்டி, "அக்கா, இது உங்க தம்பிதானே?" என்றாள். தோளில் கட்டில் சின்னம் போட்ட துண்டு. கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். "எங்கம்மா மூச்சு வாங்கிட்டுக் கெடந்துச்சு. படுக்கக் கட்டில் இல்ல, கூட்டிட்டுப் போங்கன்னு தொரத்திட்டாங்க. மறுநாள் விடியக்காலம் செத்துப்போச்சு" என்கிறாய். கீழே பெண்கள் முந்தானையால் மூக்கைத் துடைக்கிறார்கள். கேட்ட மாத்திரத்தில் நானும் 'ஐயோ பாவம்' என்றேன். அது என் அம்மா என்பதும், அந்தக் கட்டிலைப் பிடித்துக் கொடுத்தவளே நான்தான் என்பதும் அப்புறம்தான் உறைத்தது.

கட்டில் இல்லையா? நான் நர்ஸாக இருக்கும் இதே பெரம்பலூர் ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு, ஜன்னல் ஓரம், ஏழாம் நம்பர் கட்டில். போன ஆடியில் இரண்டு பகல், ஒரு ராத்திரி அம்மா அதில் படுத்திருந்தாள். மூக்கில் ஆக்சிஜன் ஓடியது. நெஞ்சில் கோர்த்த நீர் இறங்க ஆரம்பித்திருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் கையில் மஞ்சள் காப்போடு வந்து நின்றவன் நீ. "ஊர்ல காப்பு கட்டியாச்சுக்கா. இந்த வருசம் கரகம் எடுக்கறவன் நானு. என் வூட்டு ஆளு எல்லைக்கு வெளியே ராத்தங்கினா ஊரு சும்மா வுடுமா? காலைல வெள்ளன கொண்டாந்து படுக்க வச்சிடறேன்" என்று சொன்னவன் நீ. உன் லோடு ஆட்டோவில் மெத்தை போட்டு ஏற்றிப் போனவனும் நீதான்.

இப்போது கேள். வீடியோ மேலிடம் வரை போய், நேற்று எனக்கு மெமோ வந்திருக்கிறது. மூச்சுத் திணறலோடு வந்த நோயாளியை இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பியது ஏன் என்று விளக்கம் கேட்கிறார்கள். ஏப்ரல் பதினைந்தாம் தேதி விசாரணை. வேலையே போகலாம் என்று யூனியன்காரர் சொல்கிறார்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். 'என் தாயை நானே கேட்டு அழைத்துப் போனேன். கட்டில் இல்லை என்று யாரும் சொல்லவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. பத்தாம் தேதிக்குள் என் கையில் இருக்க வேண்டும்.

மலர்கொடி


உடையார்பாளையம்
1.4.2026

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மணிமாறன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் பானுப்ரியாவும் பிள்ளைகளும் நலம். மாமாவும் பாப்பாவும் நலமா? பாப்பா பரீட்சை முடித்துவிட்டாளா?

உன் கடிதம் கிடைத்தது. கோபம் நியாயம்தான். ஆனால் நீ ஒரு தடவை டாக்டரம்மா பேசுவதைக் கேட்க வேண்டும் அக்கா. நான் எத்தனையோ பேருக்குக் கொடி பிடித்திருக்கிறேன். ஒருத்தராவது வந்து 'உனக்கு ஏன் இருமல் நிற்கவில்லை' என்று கேட்டதுண்டா? இந்த அம்மா கேட்டார். ஓட்டுக் கேட்டு வந்த இடத்தில், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் எத்தனை வருஷம் இருந்தாய், எந்தப் பக்கம் படுத்தால் இருமல் கூடுகிறது என்று வரிசையாகக் கேட்டு, முதுகில் காது வைத்துக் கேட்டார். நெஞ்சில் தூசி தங்கியிருக்கிறது, இனி அந்த வேலைக்குப் போகாதே என்றார். அன்றைக்கே குடியையும் விட்டேன். பானுவைக் கேட்டுப்பார், அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று சொல்வாள்.

ஊராட்சிக்கு ஊராட்சி நாலு கட்டில், ராத்திரி பகல் ஒரு நர்ஸ், வாசலில் ஒரு வண்டி. இதுதான் அவர் முதல் வாக்குறுதி. தூசியில் வேலை பார்க்கிற ஒவ்வொருத்தருக்கும் வருஷா வருஷம் செலவில்லாமல் நெஞ்சுப் படம். பள்ளிக்கூடத்துப் பக்கம் இருக்கிற சாராயக்கடையை மூடுவது. சாதி விட்டுக் கல்யாணம் கட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு ஊர் பயம் இல்லாமல் தங்க ஓர் இடம். இந்தக் கடைசி விஷயத்தை நம்மூர் கோயில் வாசலிலேயே நின்று பேசினார் அக்கா! அரியமுத்து பெரியப்பா எழுந்து போய்விட்டார். ஓட்டுக் குறையும் என்று நாங்கள் பதறினோம். "அந்த ஓட்டு எனக்கு வேணாம்ங்க" என்றார். இப்படி ஒரு ஆளை நம் ஜில்லா பார்த்திருக்கிறதா?

ஜெயங்கொண்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். "கட்டில் கிடைக்காம யாரையாவது பறிகொடுத்தவங்க கை தூக்குங்க" என்றார். நாற்பது கை எழுந்தது. என் கையும் தானாக எழுந்தது. மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். பொய்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தர்மன் பொண்டாட்டி ஷேர் ஆட்டோவில் பிள்ளை பெற்றது பொய்யா? தங்கராசு அப்பா ஆஸ்பத்திரி நடைபாதையில் கிடந்து செத்தது பொய்யா? அவர்களுக்கு மேடையில் பேச வரவில்லை. எனக்கு வந்தது. அன்றைக்கு ராத்திரியே நூறு பேர் எங்களோடு சேர்ந்தார்கள்.

இப்போது நான் எழுதிக் கொடுத்தால் அது எதிர்க்கட்சிக்காரன் கைக்குப் போகும். டாக்டரம்மா பொய் சொல்லி ஓட்டுக் கேட்கிறார் என்று போஸ்டர் ஒட்டுவான். ஓட்டுப் பதிவு முடியட்டும். மறுநாளே நீ சொன்னபடி எழுதித் தருகிறேன். இத்தனை ஆயிரம் ஜனத்துக்குக் கட்டில் வருவதற்காக நீ ஒரு மூன்று வாரம் பொறுக்கக் கூடாதா?

இன்னொன்று. ரெஜிஸ்டரில் 'குணமடைந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார்' என்று இருப்பது உன் கையெழுத்துதானே? நான் என்ன எழுதிக் கொடுத்தாலும் அது மாறுமா? யோசித்துப் பார்.

அன்புத் தம்பி,
மணிமாறன்


பெரம்பலூர்
5.4.2026

மணிமாறா,

நீ எழுதிய கடைசிப் பாராவைப் படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து எழுதுகிறேன். நீ என் தம்பிதானா என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

'குணமடைந்து' என்று நான் எழுதியது யாருக்காக? 'டாக்டர் பேச்சை மீறி அழைத்துப் போனார்கள்' என்று எழுதினால் மறுநாள் திரும்பிக் கொண்டுவரும்போது பெரிய டாக்டர் வாசலிலேயே நிறுத்தி உன்னைக் கிழித்துவிடுவார். அதற்குப் பயந்து நீதான் மாடிப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நல்லபடியா எழுதி வுடுக்கா" என்று அழுதாய். நான் பயிற்சி டாக்டர் பையனிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கையெழுத்து வாங்கினேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் நான் எழுதிய ஒரே பொய் அது. அதை உனக்காக எழுதினேன். இன்று அதையே எடுத்து என் கழுத்தில் மாட்டுகிறாய். உனக்கு வெட்கமாக இல்லையா?

அம்மா சாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் "நர்ஸா இருந்துக்கிட்டு ஏண்டி வுட்ட?" என்று என்னைத்தான் கேட்டார்கள். வாயைத் திறந்தேனா? நீ பந்தல் காலைக் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்து அத்தனையையும் வாங்கிக்கொண்டேன்.

அந்த டாக்டரம்மா சொல்லும் திட்டத்தில் எனக்கு ஒரு சண்டையும் கிடையாது. நாலு கட்டில், ஒரு நர்ஸ் என்று நீ எனக்குப் பாடம் எடுக்கிறாயே, அறுபது நோயாளிக்கு ஒருத்தியாக நின்று நாங்கள் இதைத்தான் வருஷக்கணக்கில் கத்திக்கொண்டிருக்கிறோம். யாரும் கேட்கவில்லை. அவர் கேட்கிறார். எனக்கு அவர்மேல் மரியாதை இருக்கிறது. என் சண்டை உன்னோடு மட்டும்தான்.

உன் வீடியோவுக்குப் பிறகு இங்கே என்ன நடக்கிறது என்று தெரியுமா? சோறு கொண்டுவருகிறவன் எல்லாம் எங்களைப் பார்த்து, "இவளுவதான் கட்டில் இல்லன்னு தொரத்தறவளுவ" என்கிறான். போன வாரம் ஒருவன் எறிந்த டிபன் கேரியர் அனிதா மேரியின் புருவத்தில் பட்டு மூன்று தையல். அவள் வயசுக்கு வந்த பெண்ணை வைத்துக்கொண்டு தனியாக வாழ்கிறவள். அவள் என்ன செய்தாள் உனக்கு?

மூன்று வாரம் பொறுக்கச் சொல்கிறாய். விசாரணை பதினைந்தாம் தேதி. அதற்குப் பின் வரும் கடிதத்தை நான் என்ன செய்வது, சாம்பிராணி காட்டி அம்மா படத்துக்குப் பக்கத்தில் வைப்பதா? பத்தாம் தேதி வரை பார்ப்பேன். வரவில்லை என்றால் நடந்தது அத்தனையையும் டாக்டர் பரிமளாவுக்கே எழுதிவிடுவேன். விலாசம் வாங்கி வைத்திருக்கிறேன்.

மலர்கொடி


உடையார்பாளையம்
9.4.2026

மலர்கொடிக்கு,

மிரட்டுகிறாயா? எழுது. எழுதிப் போடு. அந்த அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியாது. உன் கடிதம் போய்ச் சேர்ந்த அன்றைக்கே மேடையேறி, 'எங்கள் ஆள் சொன்னது பொய், மன்னியுங்கள்' என்று மைக்கில் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட ஆள். அதோடு எல்லாம் முடிந்தது. இரண்டு மாதமாக வெயிலில் நாய் மாதிரி அலைந்த ஐம்பது பேர் உழைப்பு போச்சு. வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்த பெண்கள், கையில் இருந்த காசைப் போட்டு டீசல் அடித்தவர்கள் எல்லாரும் என் மூஞ்சியில் துப்புவார்கள். அதைப் பார்க்கத்தானே உனக்கு ஆசை?

உனக்கு எப்போதும் உன் வேலைதான் பெரிசு. அந்த வேலை எப்படி வந்தது? நம் முந்திரிக்கொல்லையை விற்றுத்தான் அப்பா உன்னை நர்சிங் படிக்க வைத்தார். நான் பத்தாவதோடு நின்று கல் உடைக்கப் போனேன். என் நெஞ்சில் இருக்கிற தூசி உன் வெள்ளைப் புடவைக்குக் கொடுத்த விலை. ஒரு நாளாவது அதை நான் சொல்லிக் காட்டியிருக்கிறேனா? இன்றைக்குச் சொல்ல வைத்துவிட்டாய்.

அம்மா விஷயத்தில் என்னை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறாயே, நர்ஸ் யார்? நான் படிக்காதவன். காப்பு, கரகம், ஊர் பேச்சு இதுதான் எனக்குத் தெரியும். படித்தவள் நீ. 'இவளை அசைத்தால் செத்துப்போவாள்' என்று நீ குறுக்கே நின்றிருந்தால் நான் தூக்கிக்கொண்டா போயிருப்பேன்? ஆட்டோவில் தலையணை சரிசெய்து ஏற்றிவிட்டவளே நீதான். அம்மா செத்ததில் பாதி உன் பங்கு. அதை மறைக்கத்தான் என்னிடம் கையெழுத்துக் கேட்கிறாய்.

எழுதித் தர முடியாது. டாக்டரம்மாவுக்கு ஒரு வரி எழுதினாலும் எனக்கு அக்கா என்று ஒருத்தி இல்லை.

மணிமாறன்


பெரம்பலூர்
14.4.2026

மணிமாறனுக்கு,

இன்று வருஷப் பிறப்பு. வீட்டில் பாயசம் வைக்கவில்லை. நாளை காலை பத்து மணிக்கு விசாரணை. உன் மாமா லீவு போட்டுக் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன்.

நீ எழுதியதில் ஒன்று உண்மை. தலையணையைச் சரிசெய்தவள் நான்தான். கூடாது என்று உன்னிடம் மூன்று தடவை சொன்னேன், நினைவிருக்கும். அப்போது அம்மா மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, "வேணாண்டி, ஆத்தாளுக்கு ஆவாது. எம் புள்ள கரகத்துக்குக் கொறை வந்துடும். என்னைய வூட்டுக்கு அனுப்பு" என்று அழுதாள். மூச்சு வாங்க வாங்க அழுதாள். நான் நர்ஸ் என்பதே மறந்துபோய், மகளாகி, சரி என்றேன். அதற்கு நாளை என்ன தண்டனை கொடுத்தாலும் நான் வாங்கிக்கொள்வேன். கொடுக்காவிட்டாலும் எனக்கு அது போகாது.

ஆனால் நான் என் பங்கை யாரிடமும் மறைக்கவில்லை. நீ உன் பங்கை மைக் வைத்து மறைத்தாய்.

முந்திரிக்கொல்லையைப் பற்றி எழுதியிருந்தாய். உன் நெஞ்சில் தூசி இருக்கிறது என்பதை உன் கடிதத்தில்தான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை? அந்த வரியில் நான் கொஞ்ச நேரம் அழுதேன். உன்மேல் இருக்கும் ஆத்திரம் அதனால் குறையவில்லை.

டாக்டர் பரிமளாவுக்கு எழுதிய கடிதம் உறை ஒட்டி, தபால்தலை ஒட்டி என் கைப்பையில் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு பெட்டியைத் தாண்டித்தான் நான் நாளை போக வேண்டும். காலை வரை உனக்கு நேரம் இருக்கிறது. மாமா நம்பருக்குக் கூப்பிட்டு, 'எழுதித் தருகிறேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இத்தனைக்கும் பிறகு இதைக் கேட்கிறேனே என்று எனக்கே கேவலமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை அரியலூர் பஸ் கண்டக்டர் அண்ணாதுரையிடம் கொடுத்து அனுப்புகிறேன். சாயங்காலத்துக்குள் உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

மலர்கொடி


உடையார்பாளையம்
6.5.2026

அன்புள்ள அக்காவுக்கு,

என்ன எழுதுவது என்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்துவிட்டேன்.

உன் கடிதம் அன்று சாயங்காலமே வந்தது. போனை எடுத்து மாமா நம்பரைப் போட்டேன். அப்போது வாசலில் பிரச்சார வண்டி வந்து நின்றது. அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று ஏறிப் போய்விட்டேன். பேசவில்லை. இதற்குச் சாக்கு ஒன்றும் இல்லை.

தேர்தலில் டாக்டரம்மா மூன்றாவது இடம். இருபத்தோராயிரம் ஓட்டு. எங்களுக்கு அதுவே பெரிசு. அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்கு இப்போதிருந்தே வேலை செய்யப் போகிறார்களாம். நேற்று எல்லாரும் கூடியிருந்தோம். அழுதவர்களை எல்லாம் அவர் தேற்றிக்கொண்டிருந்தார். உன்னிடமிருந்து அவருக்குக் கடிதம் வரவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வந்திருந்தால் மேடையில் சொல்லியிருப்பாரே. அது என்னைத் தின்றுகொண்டே இருந்தது. கூட்டம் கலைந்ததும் தனியாகப் போய் நடந்ததை முழுசாகச் சொல்லிவிட்டேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "உங்க அக்கா இப்ப எங்க இருக்காங்க? விசாரணைல என்ன ஆச்சு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை அக்கா. உனக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. "மூணு வாரமாச்சு, விசாரிக்கவே இல்லையா?" என்றார். தோள் துண்டை வாங்கி வைத்துக்கொண்டு, "போய் மொதல்ல அதைப் பாருங்க. இனிமே இங்க வர வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

நீ கேட்ட கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஆறு வரி. அரியமுத்து பெரியப்பாவும் தர்மனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். காப்பு விஷயத்தையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன். யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. எங்கே கூப்பிட்டாலும் வந்து சொல்கிறேன். அம்மா தலைதிவசத்துக்காவது நீ வர வேண்டும். நீ இல்லாமல் எனக்குச் செய்யத் தெரியாது. என்னை மன்னித்தேன் என்று ஒரு வரி எழுது.

உன் தம்பி,
மணிமாறன்


பெரம்பலூர்
11.5.2026

மணிமாறனுக்கு,

உன் கடிதமும் அதோடு இருந்த தாளும் கிடைத்தன.

எனக்கு என்ன ஆயிற்று என்று உன் டாக்டரம்மா கேட்டார் அல்லவா, அவருக்காகச் சொல்கிறேன். வேலை போகவில்லை. இரண்டு இன்கிரிமென்ட் நிறுத்தம், தாளவாடி மலைப் பக்கம் மாற்றல். அடுத்த திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். பாப்பா ப்ளஸ் டூ போகிறாள், அவளை நடுவில் பிடுங்க முடியாது. அப்பாவும் மகளும் இங்கே, நான் அங்கே. கையெழுத்துப் போட்ட பயிற்சி டாக்டர் பையனை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள்.

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரெஜிஸ்டரில் எழுதியது தவறு, நானே எழுதியது, வீட்டு மனுஷர் விருப்பப்பட்டதால் அனுப்பினேன் என்றேன். "வீட்டு மனுஷர்னா யாரு? மேடையில பேசின மகனா? அவர் சொல்றது பொய்னு எழுதித் தர்றீங்களா?" என்று கேட்டார்கள். வெளியே இரண்டு பத்திரிகைக்காரர்கள் நின்றிருந்தார்கள். ஆமாம் என்று நான் சொல்லியிருந்தால் என் தண்டனை பாதியாகக் குறைந்திருக்கும். யூனியன்காரர் என் காலை மிதித்துக்கொண்டே இருந்தார். அம்மா போன துக்கத்தில் அவன் பேசினான், எனக்கு வேறு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உன்மேல் பாசம் பொங்கி அப்படிச் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அன்றைக்குக் கை தூக்கியவர்களில் நீ ஒருவன்தான் பொய். மற்றவர்கள் பறிகொடுத்தது நிஜம். உன்னைப் பொய்யன் என்று நான் சொன்னால், மறுநாளிலிருந்து தங்கராசுவை யார் நம்புவார்கள்? தர்மன் பொண்டாட்டியை யார் நம்புவார்கள்? அவர்களுக்குக் கட்டில் வேண்டும் என்று உன்னைவிட எனக்கு அதிகமாகத் தெரியும். அதனால்தான் பையில் இருந்த கடிதத்தையும் பெட்டியில் போடவில்லை. திரும்பி வந்து அடுப்பில் போட்டேன். தேர்தல் அன்று வெள்ளனவே போய்க் கட்டிலுக்கு ஓட்டுப் போட்டேன். வார்டில் இருக்கிற பதினோரு நர்ஸையும் போட வைத்தேன், புருவத்தில் தையல் தழும்போடு வந்த அனிதா மேரி உட்பட. இங்கேயும் அவர்கள் கட்சி ஆளுக்கு ஓட்டு விழுந்தது என்று அவரிடம் சொல்ல உனக்கு வாய்ப்பில்லை, அது வேறு.

நீ அனுப்பிய தாளை இரண்டு தடவை படித்தேன். ஒளிக்காமல் எழுதியிருக்கிறாய். ஏப்ரல் பத்தாம் தேதி இது வந்திருந்தால் நான் என் பிள்ளையோடு இருந்திருப்பேன். இப்போது இதை வைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. உன் மனசுதான் லேசாகும். அதற்கு நான் உதவ மாட்டேன். தாளை இதோடு திருப்பி அனுப்புகிறேன். நீயே வைத்துக்கொள்.

அம்மா தலைதிவசத்தை நான் மலையிலேயே செய்துகொள்கிறேன். உனக்குச் செய்யத் தெரியாவிட்டால் ஐயரைக் கேள். நெஞ்சுப் படம் எடுத்தாயா இல்லையா என்று பானுவிடம் மாமா விசாரித்துக்கொள்வார். மருந்து விஷயமாக அவள் எப்போது வேண்டுமானாலும் எனக்கு போன் செய்யலாம். நீ செய்ய வேண்டாம். மன்னித்தேன் என்று ஒரு வரி கேட்டிருந்தாய். இரண்டு நாளாகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன், எழுத வரவில்லை.

ஜெ. மலர்கொடி